ஒய்.பி. கையில் கொடுத்த டோக்கன்

ரயில்வேயில் நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக உழைத்தவன் நான். விபத்து ஏட்டில் என் பெயர் எங்கேயும் கிடையாது. விசாரணை ஏட்டில் மட்டும் ஒரே ஒரு தடவை உண்டு. அந்த ஒரு தடவையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் ரயில் பாதையில் ரெட்டைத் தண்டவாளம் போட்டு மின்சார ரயில் விட்டுவிட்டார்கள். எங்கள் காலத்து டோக்கன் பெட்டிகளைக் கழற்றி லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் என்னைப் பார்த்தால், "அங்கிள், அந்த வளையத்தைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஏன் அப்படி ஓடுவீங்க? படத்துல பார்த்தா காமெடியா இருக்கு லா" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த வளையம் ஒரு நாள் என் கையில் இல்லாமல் போனது. அன்றைக்கு நடந்ததைக் கேட்டால் இவர்கள் வாயில் வைத்த தோசை இறங்காது.

என் படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதோடு சரி. பதினேழு வயதில் தண்டவாளக் கேங்கில் சேர்ந்தேன். தண்டவாளத்துக்கு அடியில் போடும், ரெண்டு ஆள் தூக்கும் சிலிப்பர் கட்டையை ஒரு ஆளாகத் தூக்கியவன் என்று ரவாங் பக்கம் என்னைப் பற்றிப் பேச்சு உண்டு. இங்கிலீஷ் எண்களைக் கூட்ஸ் வண்டிப் பெட்டிகளைப் பார்த்துத்தான் படித்தேன். ரூல் புத்தகத்தை டீக்கடைக்கார மாமாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு அப்படியே மனப்பாடம் செய்தேன். பத்து வருஷம் கேங்கில் கிடந்த ஒருவன் டோக்கன்மேன் பரீட்சையில் முதல் தடவையே பாஸ் செய்தது எங்கள் பகுதியில் என் ஒருவன் விஷயத்தில்தான். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

பாஸ் செய்தாலும் ஆறு மாதம் தற்காலிகம். ஆறு மாதம் குற்றமில்லாமல் வேலை செய்தால் நிரந்தரம். ஏதாவது குற்றம் வந்தால் மறுபடியும் கேங்குக்கே போக வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த கோட்டர்ஸ் வீட்டையும் காலி செய்ய வேண்டும். என் மனைவி அப்போதுதான் அந்த வீட்டுச் சுவருக்கு அவளே சுண்ணாம்பு அடித்திருந்தாள். மூத்தவளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருந்தோம். ஆறு மாதம் முடிய இன்னும் பதினாறு நாள் இருந்தது.

டோக்கன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அப்போது அந்தப் பகுதியில் ஒற்றைத் தண்டவாளம். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம். ரெண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வோர் இரும்புப் பெட்டி இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து உள்ளங்கை அகல வட்டத்தகடு ஒன்றை எடுத்துவிட்டால், அது திரும்பப் பெட்டிக்குள் போகிற வரைக்கும் ரெண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். வேறு தகடு வெளியே வராது. அந்தத் தகட்டைத் தோல் பைக்குள் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் கோத்து டிரைவரிடம் கொடுப்போம். அது கையில் இருந்தால்தான் அவர் வண்டியை எடுக்கலாம். அடுத்த ஸ்டேஷனில் டோக்கன்மேன் அதை வாங்கி, நேரே ஆபீசுக்குள் போய்ப் பெட்டியில் போட வேண்டும். டோக்கன் இல்லையென்றால் பாதை இல்லை.

என் ஸ்டேஷன் மாஸ்டர் அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பாவும் ரயில்வே, தாத்தாவும் ரயில்வே. வெள்ளைக் கால்சட்டையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். பாதையில் வண்டி இருக்கும்போது நாற்காலியில் உட்கார மாட்டார். டெலிபோனில் வந்த செய்தியைச் சத்தமாக ஒரு தடவை திருப்பிச் சொல்வார், அப்புறம் என்னையும் சொல்ல வைப்பார். வண்டி வந்து சேர்ந்த நிமிஷத்தை, அது வந்து சேர்ந்த பிறகுதான் ஏட்டில் எழுதுவார். ஒரு வினாடி முன்னால் பேனா ஏட்டைத் தொடாது.

வந்த புதிதில் ஒரு நாள் கூட்ஸ் வண்டி உள்ளே வந்ததும், "முழுசா வந்துருச்சு சார்!" என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கடைசிப் பெட்டியின்ரை விளக்கைப் பார்த்தீரோ?"

"பார்த்தேன் சார்."

"பார்த்தீரோ, பார்த்த மாதிரி இருந்ததோ?"

அந்த விளக்கு இருந்தால்தான் நடுவழியில் எந்தப் பெட்டியும் கழன்று நிற்கவில்லை என்று அர்த்தம். அவரே வெயிலில் இறங்கி, வண்டியின் வால் வரைக்கும் நடந்து, விளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஏட்டில் எழுதினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். ஐந்து மாதத்தில் என்னை ஒரு தடவைகூட அவர் பாராட்டவில்லை. எனக்கு அது ஆறவே இல்லை. சிலிப்பர் கட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கியவனை அந்த மனுஷன் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லையே என்று இருக்கும்.

அந்தச் சமயம் ரயிலை வைத்து அரசியல் நடந்துகொண்டிருந்தது. ஃபேக்டரி வேலைக்குப் போகிற சனங்களுக்காகச் சாயங்காலம் ஒரு பயணிகள் வண்டி விட வேண்டும் என்று எங்கள் தொகுதி ஒய்.பி., அதாவது நாடாளுமன்ற உறுப்பினர், ரொம்ப நாளாகப் பேசிவந்தார். வண்டி வந்தால் பஸ்ஸில் கூட்டம் குறையும் என்று பஸ் முதலாளிகள் எதிர்த்தார்கள். ரயிலில் ஆபத்து அதிகம் என்று அவர்கள் பக்கத்து ஆட்கள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கடைசியில் ஒய்.பி.தான் ஜெயித்தார். வண்டி ஓடத் தொடங்கும் அன்றைக்கு, அதற்கு முன்னாலேயே ஒரு தனி வண்டியில் கோலாலம்பூர் பக்கமிருந்து ஏறி, எங்கள் சின்ன ஸ்டேஷனில் இறங்கி ஆரம்பித்து வைப்பது என்று ஏற்பாடு. ஸ்டேஷன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

மாலை நாலு மணி இருக்கும். பிளாட்பாரம் முழுக்கச் சனம். உறுமி மேளம் காதைப் பிளக்கிறது. தனி வண்டி வந்து நின்றது. டிரைவர் வளையத்தை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். நேரே ஆபீசுக்குப் போக வேண்டியவன்தான். பதினைந்து எட்டு இருக்குமா? அவ்வளவுதான் தூரம்.

"அண்ணே! அண்ணே! ஒரு நிமிசம் லா!" பத்திரிகை போட்டோக்காரர் என் தோளைப் பிடித்தார். "அந்த வளையத்தை ஒய்.பி. கிட்ட குடுக்கற மாதிரி நில்லுங்க. சூப்பரா இருக்கும். நாளைக்குப் பேப்பர்ல உங்க மூஞ்சி."

பேப்பரில் என் முகம். மூன்றாம் வகுப்பு படித்தவன் முகம். யாரோ ஒரு மாலையை வளையத்தின் மேல் சுற்றிவிட்டார்கள். நான் ரெண்டு கையாலும் வளையத்தை நீட்டி, தலையைக் கொஞ்சம் குனிந்தேன். நம்முடைய எந்த நிகழ்ச்சியிலும் பெரிய மனுஷருக்கு எதைக் கொடுத்தாலும் அப்படித்தானே கொடுப்போம்? ஒய்.பி.யும் ரெண்டு கையாலும் வாங்கினார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "ரொம்ப நன்றி ஐயா" என்றார். திரும்பிப் பார்க்காமலேயே வளையத்தைத் தோளுக்குப் பின்னால் நீட்டினார். அவருடைய உதவியாளர் வாங்கிக்கொண்டார். அதற்கு முன்னால் கொடுத்த கேடயம், வெள்ளி விளக்கு, பழத்தட்டு எல்லாம் அப்படித்தான் பின்னால் போயின.

"ஒய்.பி., அது வந்து..." என்று நான் வாயெடுப்பதற்குள் கட்சிக் கிளைத் தலைவர் எனக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்திவிட்டார். எனக்கு! ரயில்வே ஊழியர்கள் சார்பில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். சனம் கை தட்டியது. கூட்டத்தில் என் மனைவி நிற்கிறாளா என்று தேடினேன். கைகுலுக்கினார்கள். யாரோ ஜூஸ் கொடுத்தார்கள். அதையும் குடித்தேன்.

ஒய்.பி.யின் கார் கிளம்பிப் போன சத்தம் கேட்டது. அப்புறம்தான் அம்பலவாணர் என் முன்னால் வந்து நின்றார்.

"டோக்கன் எங்கை?"

பொன்னாடைக்குள் எனக்கு உடம்பெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. கையைப் பார்த்தேன். ஜூஸ் கிளாஸ்தான் இருந்தது.

"கார்ல சார்," என்றேன். "சுங்கை வே ஊர்ல இன்னொரு பங்சன்னு சொன்னாங்க."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். "நானும் பார்த்துக்கொண்டுதான் நிண்டனான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனார்.

பின்னாலேயே கோலாலம்பூர் ரயில்வே அதிகாரி ஒருவர் வந்தார். போக்குவரத்துப் பிரிவு, நம் தமிழர்தான், கழுத்தில் டை. அதே தனி வண்டியில் திரும்பிப் போய் மேலதிகாரிகளோடு விருந்தில் உட்கார வேண்டியவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"அவ்ளோதானே? ஸ்பெஷல் முழுசா வந்து நிக்குது, கண்ணு முன்னால இருக்கு. பாதை காலி. டோக்கனை அப்புறம் எடுத்துக்கலாம்."

"வண்டி வந்தது உண்மை, சேர். டோக்கன் வரேல்லை," என்றார் அம்பலவாணர். "டோக்கன் துலைஞ்சால் பைலட்மேன் போடவேணும். ஃபாரம் எழுதப்போறன்."

டோக்கன் இல்லாதபோது ஒரு மனுஷனையே டோக்கனாக வைப்பார்கள். கையில் சிவப்புப் பட்டை கட்டி, ரெண்டு ஸ்டேஷன் மாஸ்டரும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவன் கூட வராமல், அவன் சொல்லாமல் எந்த வண்டியும் அந்தப் பாதையில் போகக் கூடாது. ஃபாரம் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்தாகித் திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும்.

அதிகாரியின் சிரிப்பு நின்றது. "ஃபாரமா? ஃபாரம் போட்டா ரெக்கார்ட் ஆயிடும். முதல் நாளே ரயில்வே டோக்கனைத் தொலைச்சிருச்சுன்னு பஸ்காரன் நாளைக்கே மீட்டிங் போடுவான். ஒய்.பி. பேரு நாறிடும். எழுதாதீங்க."

அம்பலவாணர் கார்பன் தாளைச் சீராக வைத்து எழுதத் தொடங்கினார்.

அதிகாரி டெலிபோனை எடுத்து, எல்லா வண்டிகளையும் இயக்கும் கோலாலம்பூர் கன்ட்ரோல் ஆபீசுக்கு, "ஸ்பெஷல் வந்து சேர்ந்தாச்சு, பாதை காலி" என்று மட்டும் சொல்லி வைத்தார். கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்தார். மறுபடி கன்ட்ரோலைக் கூப்பிட்டார். லைன் கிடைக்கவில்லை. போனை வைத்துவிட்டு வெளியே போய்த் தனி வண்டியில் ஏறினார். "எடு வண்டியை. அடுத்த ஸ்டேஷன்ல நிக்கிற புது வண்டிக்கு நாமதான் வழி விடணும். நான் சொல்றேன், எடு" என்று டிரைவரிடம் சொல்வது எனக்குக் கேட்டது.

டிரைவர், "சிக்னல் விழலையே சார்" என்றார்.

"நான்தான் சிக்னல்."

அம்பலவாணர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஃபாரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "மாரிமுத்து. சிவப்புக் கொடியோடை போய் எஞ்சினுக்கு முன்னாலை நில்லும்."

போய் நின்றேன். எஞ்சின் என் நெஞ்சுக்கு ரெண்டு அடியில் உறுமிக்கொண்டிருந்தது. தோளில் இன்னும் அந்தப் பொன்னாடை. அதைக் கழற்றி எறியக்கூடத் தோன்றவில்லை.

"டேய், தள்ளு!" அதிகாரி எஞ்சின் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார். "நீ தற்காலிகம்தானே? இன்னிக்கே உன் வேலை போச்சு! குடும்பத்தோட ரோட்டுல நிப்ப!"

எனக்குப் பயம் வந்துவிட்டது. இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. பயந்தது எஞ்சினுக்கு இல்லை, அந்தக் கோட்டர்ஸுக்கு. தள்ளிப்போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நிமிஷத்தில்தான் அது கேட்டது.

நீளமான விசில். வளைவுக்கு அந்தப் பக்கம், எங்கள் வெளிச் சிக்னலில் நின்றுகொண்டு ஒரு வண்டி உள்ளே வர வழி கேட்கிறது.

உறுமிக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்தினார்கள். டிரைவர் எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், எந்த வண்டி சார் அது?"

எங்கள் ஆபீசில் எந்த மணியும் அடிக்கவில்லை. எந்தச் செய்தியும் வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அதிகாரி முதலில் போனில் சொன்ன 'பாதை காலி'யைக் கன்ட்ரோலில் அனுமதி என்று எடுத்துக்கொண்டு, புதுச் சாயங்கால வண்டியை டோக்கன் இல்லாமலே விடச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஸ்டேஷனிலும் திறப்பு விழா அவசரத்தில் விட்டிருக்கிறார்கள். நாங்கள் தனி வண்டியை எடுத்திருந்தால் அந்த வளைவில் ரெண்டும் முகத்தோடு முகம் மோதியிருக்கும்.

அம்பலவாணர் வெளியே வந்தார். தனி வண்டியைப் பக்கத்துத் தண்டவாளத்துக்கு ஒதுக்கினார். அப்புறம் சிக்னலை இறக்கிச் சாயங்கால வண்டியை உள்ளே எடுத்தார். முழுக்க ஃபேக்டரிப் பெண்கள். முதல் நாள் என்பதால் தலையில் பூ. ஜன்னலில் சாய்ந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் கையசைத்தேன். என் கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தது. அம்பலவாணர் வால் விளக்கு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, நிமிஷத்தை எழுதினார். அதற்குக் கீழே இன்னும் ஏதோ ரொம்ப நேரம் எழுதினார். அதிகாரி பிளாட்பாரத்து பெஞ்சில் டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டோக்கனை எடுத்துவர மோட்டார் சைக்கிளில் என்னைத்தான் அனுப்பினார்கள். சுங்கை வே மண்டபத்து வாசலில் காரின் பின்பக்கப் பெட்டியைத் திறந்தால், பழத்தட்டுக்கும் கேடயத்துக்கும் நடுவில் மாலையோடு கிடந்தது.

"அண்ணே, அது ஒய்.பி.க்குக் குடுத்த பரிசு. திருப்பிக் கேக்குறீங்களே, நல்லாவா இருக்கு?" என்றார் உதவியாளர்.

ஒய்.பி.யே வெளியில் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் வளையத்தை வாங்கி, பையைத் திறந்து அந்தத் தகட்டைப் பார்த்தார். "இதா? இது இல்லாம ரயில் போகக் கூடாதா? என்கிட்ட யாருமே சொல்லலையே..." என்றார். இந்தத் தடவை பின்னால் நீட்டாமல், ரெண்டு கையாலும் நேரே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். மேடையிலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் போகாமல் அங்கேயே நின்றார்.

விசாரணைக்கு மூன்று நாள் முன்னால் அந்த அதிகாரி என் வீடு தேடி வந்தார். பிரிக்பீல்ட்ஸ் கோட்டர்ஸ் வாசலில் அவ்வளவு பெரிய கார் அதற்கு முன் நின்றதில்லை.

"மாரிமுத்து, டோக்கனை நீ குடுக்கல. ஸ்டேஷன் மாஸ்டர் உன் கையில இருந்து வாங்கி ஒய்.பி.கிட்ட குடுத்தாரு. பேப்பர் படத்துல உன் மூஞ்சியும் விழல. நான் வண்டியை எடுக்கச் சொல்லவே இல்ல. இது ரெண்டும் போதும். உன் வேலை நிரந்தரம், நான் கையெழுத்துப் போடுறேன். கிழவருக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருசம்கூட இல்ல. அவருக்கு என்னா பெரிய நஷ்டம்?"

நான், "சரி சார்" என்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

விசாரணை அன்று முதலில் அம்பலவாணரைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அரை மணி கழித்து வெளியே வந்தவர், என் முன்னால் நின்றார்.

"டோக்கனை நீர்தான் குடுத்தனீர் எண்டு சொல்லிப்போட்டன். பார்த்துக்கொண்டு நிண்டும் நான் தடுக்கேல்லை எண்டும் சொன்னனான். இனி நீர் போம்."

என் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. பாவி மனுஷன், என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாரே! அவர் சொல்லித்தானே உயிரைக் கொடுத்து எஞ்சின் முன்னால் நின்றேன்? பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். படித்து வைத்த பொய்யை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

மேஜையில் எங்கள் ஸ்டேஷன் ஏடு திறந்திருந்தது. விசாரணை நடத்திய தலைமை அதிகாரி அன்றைய பக்கத்தைக் காட்டி, எனக்கு விளங்கும்படி ஒவ்வொரு வரியாகச் சொன்னார். டோக்கன் என் கைக்கு வந்த நிமிஷம், நான் ஒய்.பி.யிடம் கொடுத்த நிமிஷம், 'நான் தடுக்கவில்லை' என்று அம்பலவாணர் கையெழுத்து. சிவப்புக் கொடியோடு நான் எஞ்சின் முன் நின்ற நிமிஷம், விசில் கேட்ட நிமிஷம். நடுவில் நாலு நிமிஷம், தனி வண்டி அந்த வளைவுக்குப் போய்ச் சேரப் போதுமான நேரம். அன்று சாயங்காலமே, யாரும் கேட்பதற்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறார்.

"இது உண்மையா?" என்று கேட்டார்கள்.

ஓரத்து நாற்காலியில் அந்த அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். படித்து வைத்தது வரவில்லை. "உண்மை சார். நான்தான் குடுத்தேன். இவருதான் வண்டியை எடுக்கச் சொன்னாரு" என்றேன். தன் வேலை போகும் என்று தெரிந்தே தன் குற்றத்தை ஒத்துக்கொண்டவன் அடுத்தவன் மேல் எதற்குப் பொய் சொல்லப்போகிறான் என்று நினைத்தார்களோ என்னவோ, நம்பினார்கள். அப்புறம் டிரைவரும் ஆமாம் என்றார்.

தீர்ப்பு வந்தது. அம்பலவாணருக்கு எழுத்தில் கண்டனம். அதிகாரியை வேறு இலாகாவுக்கு மாற்றினார்கள், அங்கே இதைவிடப் பெரிய நாற்காலி. நான் மறுபடியும் ரவாங் கேங்குக்கு. கோட்டர்ஸைக் காலி செய்தோம். மூன்று வருஷம் கழித்து அதே பரீட்சையை மறுபடி எழுதி, மறுபடி முதல் தடவையே பாஸ் செய்து, கடைசியில் சீனியர் டோக்கன்மேனாக ஓய்வு பெற்றேன் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ரவாங் போவதற்கு முன்னால் விசிலையும் கொடிகளையும் ஒப்படைக்க ஸ்டேஷனுக்குப் போனேன். அம்பலவாணர் ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அடக்க முடியவில்லை.

"சார், அந்த ஆளு என் வீட்டுக்கு வந்தாரு. உங்க மேல போடச் சொன்னாரு. நான் சரின்னு சொல்லியிருந்தேன்."

"தெரியும் காணும்."

"எப்படி சார்?"

"முதல் என்ரை வீட்டைதான் வந்தவர். முழுக்க உம்மிலை போடச் சொன்னவர். எஞ்சினை ஆரும் எடுக்கச் சொல்லேல்லை, நீர்தான் குடிச்சுப்போட்டு முன்னாலை போய் நிண்டனீர் எண்டு சொல்லட்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க என்னா சார் சொன்னீங்க?"

"கேற்றைத் திறந்து விட்டனான். வெளியிலை போகச் சொல்லி."

அவர் கொடிகளைச் சுருட்டி அலமாரியில் வைக்கத் திரும்பிவிட்டார். நான் அந்த இடத்திலேயே நின்றேன். என் வீட்டுக்கு வந்த அன்றைக்கு அந்த ஆளை நான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்து, மனைவியைக் காப்பி போடச் சொல்லியிருந்தேன். குடித்துவிட்டு, காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.